படகிலேயே குடித்தனம், பேசத்தான் ஆளில்லை

நான் இருக்கும் இதே தென்னாப்பிரிக்க டர்பனிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. பிறந்த ஊர் தூத்துக்குடி. அப்பா அங்கே தோணித் துறையில் கணக்கெழுதியவர். கணவர் டர்பன்காரர், இங்கே நான்காம் தலைமுறைத் தமிழர், இன்ஜினீயர். வீட்டில் ஆங்கிலம்தான், கணவருக்குத் தமிழ் பாதி புரியும், பேச வராது. 16 மாதங்களுக்கு முன் வாடகை ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, இருவர் சேமிப்பையும் போட்டு 36 அடி பாய்மரப் படகு வாங்கி, துறைமுகத்தில் படகுகளைக் கட்டிவைக்கும் மரீனாவில் அதிலேயே குடியேறினார்கள். இவர் படகிலிருந்தே இணையம் வழியாகக் கணக்கு வேலை பார்க்கிறார். வரும் ஜனவரியில் கேப் டவுன், அங்கிருந்து அட்லாண்டிக் நடுவே செயின்ட் ஹெலினா தீவு, பிறகு பிரேசில் என்பது கணவரின் திட்டம்.

போன நவம்பரில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்த ஒரு டச்சுத் தம்பதியும், தனியாளாகப் படகோட்டி வந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணும் இவர்களுக்குப் பக்கத்தில் படகைக் கட்டினார்கள். ஆறு வாரம் ஒன்றாகச் சமையல், சந்தை, சீட்டாட்டம். ஜனவரியில் ஒரு காலை எழுந்து பார்த்தால் இரண்டு படகும் இல்லை. “சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, மேடம்.” கொஞ்ச நாள் வாட்ஸ்அப் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. படகுக் கிளப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ப்ரை, அதாவது கரியடுப்பில் இறைச்சி சுட்டுக் குடித்துப் பேசும் கூட்டம். இவருக்கு இறைச்சியும் ஆகாது, குடியும் ஆகாது. மூன்று முறை போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு நிறுத்திவிட்டார். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் மாமியார், “வீடு வாசல் இல்லாதவங்க மாதிரி” என்று சொல்லிப் படகுப் பக்கமே வருவதில்லை. கோயிலில் ஓர் ஆன்ட்டி “இன்னும் வீடு பாக்கலையா, மா?” என்று கேட்டதோடு கோயிலும் நின்றது. கணவரிடம் சொன்னால், “அதான் நான் இருக்கேனே” என்கிறார்.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “தென்மேற்குக் காற்று வீசும் ராத்திரிகளில் எல்லாப் படகிலும் கயிறுகள் பாய்மரத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. எனக்குப் பழகத் தெரியவில்லையா? படகை விற்றுவிட்டுக் கரைக்குத் திரும்பினால் சரியாகிவிடுமா?”

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் முதல் கேள்வி. ஆறே வாரத்தில் மூன்று அந்நியர்களோடு ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவருக்குப் பழகத் தெரியவில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லும் முன், போனவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் வருத்தத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சொல்லாமல் போனவர்கள்

அவர்கள் நவம்பரில் வந்ததற்கும் ஜனவரியில் போனதற்கும் உங்களோடு தொடர்பில்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மொரீஷியஸ், ரீயூனியன் பக்கம் புயல் காலம். அதற்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். குளிர்காலப் புயல்கள் வருவதற்குள், இங்கே கோடை இருக்கும்போதே நன்னம்பிக்கை முனையையும் தாண்டிவிட வேண்டும். நடுவில் மாட்டுகிற சில வாரங்கள்தான் டர்பன்.

விடியற்காலையில் கிளம்பியதற்கும் காரணம் உண்டு. இங்கிருந்து தெற்கே ஈஸ்ட் லண்டன் வரை சுமார் 250 கடல் மைல். நடுவில் பாய்மரப் படகு நம்பி ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. கரையை ஒட்டி அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு எதிரே தென்மேற்குக் காற்று அடித்தால் அலை சுவர் மாதிரி எழும்பும். பெரிய கப்பல்களையே உடைத்த கடல் அது. ஆகவே எல்லோரும் பாரோமீட்டரைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். தென்மேற்கு ஓய்ந்து காற்று வடகிழக்குக்குத் திரும்பும் அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளி கிடைத்ததும் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கடைசி நாள் முழுக்கப் பயணப் படிவத்துக்கு முத்திரை வாங்குவதிலும் தண்ணீர் நிரப்புவதிலும் போயிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் படகைத் தட்டி எழுப்ப அவர்களுக்கு மனம் வந்திருக்காது. இது என் ஊகம்தான். ஆனால் “வேண்டாமென்று உதறிவிட்டுப் போனார்கள்” என்று நீங்கள் எழுதியிருப்பதும் ஊகம்தானே?

பேச்சு நின்றதற்கும் இதே மாதிரி ஒரு விளக்கம் இருக்கலாம். கேப் டவுனிலிருந்து செயின்ட் ஹெலினா ஏறக்குறைய 1,700 கடல் மைல். சாதாரணப் பாய்மரப் படகுக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாது. நடுக்கடலில் எந்த டவரும் இல்லை. கடைசியாக நீங்கள் அனுப்பிய செய்தியை எடுத்துப் பாருங்கள். ‘நலமா’ என்று மட்டும் கேட்டிருந்தால், ‘நலம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக அந்த ஆஸ்திரேலியப் பெண்ணிடம், நாங்கள் வரும்போது செயின்ட் ஹெலினாவில் படகை எங்கே கட்டலாம் என்று கேளுங்கள். படகுக்காரர்களிடம் வழி கேட்டால் ஒரு பக்கம் எழுதுவார்கள்.

இன்னொன்று. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் 50 மணி அளவில், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல் என்று கணக்கிட்டார். ஆறு வாரம், நாளுக்கு ஐந்து மணி என்று வைத்தால் உங்கள் கணக்கு 210. கரையில் இருக்கும் ஒருவருக்கு, வாரம் ஒரு மாலை இரண்டு மணி நேரம் சந்தித்தால், இதற்கு இரண்டு வருஷம் பிடிக்கும். ஆகவே நீங்கள் அனுபவித்தது ஏமாற்று வேலை இல்லை, நிஜமான நட்பு. சீக்கிரம் கூடியதால் சீக்கிரம் பிரிந்தது, அதனால்தான் இவ்வளவு வலி.

“அதான் நான் இருக்கேனே”

உங்கள் கணவர் இதை அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் தவறாகச் சொல்கிறார். ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, நெருக்கமான ஓர் ஆள் இல்லாத தனிமை. மற்றது, நாலு பேர் கொண்ட வட்டம் இல்லாத தனிமை. ஒன்றைக் கொண்டு மற்றதை அடைக்க முடியாது. உங்களுக்கு இல்லாதது இரண்டாவது. அதற்குக் கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தாகத்துக்குச் சோறு போட்ட கதைதான். இதை அவரிடம் சொல்லும்போது “நீங்கள் போதாது” என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கே யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இன்ஜின் பேச்சுக்கு மரீனாவில் எத்தனை பேரிடம் போய் நிற்கிறார்? உங்களோடு மட்டும் இன்ஜின் பேசச் சொன்னால் எத்தனை நாள் தாங்குவார்?

உங்களுக்கு இன்னொரு பசியும் இருக்கிறது, மொழிப் பசி. நாள் முழுக்க ஆங்கிலம். நான் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் குளியலறையில் எனக்கு நானே தமிழில் பேசிக்கொள்வேன். மாமனார் பயந்துபோய் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டார். அதனால் உங்கள் கடிதத்தில் வருகிற நீள நீளமான வாக்கியங்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

கடிதத்தின் மூன்றாம் பக்கம்

மேலே தந்த சுருக்கத்தில் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மூன்றாம் பக்கத்தில், இரண்டு வரியில் நீங்கள் எழுதியது. ஒரு நாள் பருப்பு வேகவைக்கும்போது குக்கர் விசில் அடித்தது. இரண்டு படகு தள்ளிக் குடியிருக்கும் பெரியவர், கேஸ் கசிகிறது, ஏதோ அலாரம் அடிக்கிறது என்று நினைத்துத் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மிதக்கும் நடைமேடையில் ஓடி வந்தார். நீங்கள் சிரித்துவிட்டு, ஒரு டப்பாவில் சாம்பார் கொடுத்தனுப்பினீர்கள். மறுநாள் டப்பாவைக் கழுவி, அதற்குள் நாலு எலுமிச்சம்பழம் போட்டுத் திருப்பித் தந்தார். அவர் அங்கே ஒன்பது வருஷமாக இருப்பவர். “அவ்வளவுதான்” என்று முடித்திருக்கிறீர்கள்.

போனவர்களைப் பற்றி இரண்டரைப் பக்கம். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது யாரும் சொல்லித் தராமலே தெரிந்த மனிதரைப் பற்றி இரண்டு வரி!

சிக்கல் வேறு இடத்தில் என்றேனே, அது இதுதான். நீங்கள் நட்பைத் தேடியது, நாள் குறித்துக்கொண்டு வந்தவர்களிடம். எந்த மரீனாவிலும் போகாதவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு: ஓய்வு பெற்றுப் படகிலேயே தங்கிவிட்டவர்கள், பழைய படகை வருஷக்கணக்கில் பழுது பார்த்துக்கொண்டே இருப்பவர்கள், தண்ணீரில் முழுகிப் படகின் அடிப்பலகையைச் சுரண்டுகிற ஆள், வாசல் காவலர், துணி துவைக்கும் இடத்தில் எப்போதும் பார்க்கிற அந்த அம்மாள். இவர்கள் பார்ப்பதற்கு சுவாரஸ்யம் குறைவுதான். உலகம் சுற்றிய கதை இவர்களிடம் இருக்காது. ஆனால் கேஸ் கசிந்தால் ஓடி வருவது இவர்கள்தான்.

இவர்களோடு விருந்து வைத்துப் பழக வேண்டாம். தண்ணீர்க் குழாயில் ஐந்து நிமிஷம், கயிறு பிடித்துக் கட்டிக்கொடுக்க இரண்டு நிமிஷம், ஒருவர் இல்லாதபோது அவர் படகில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது, இப்படிச் சில்லறையாகச் சேர வேண்டும். பெரியவரிடம் ஒரு உதவி கேளுங்கள். உதவி செய்வதைவிடக் கேட்பது சீக்கிரம் நெருக்கம் உண்டாக்கும் என்பது என் அனுபவம். பாய் தைக்கத் தெரியுமா, இந்தப் பம்ப் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று ஏதாவது கேளுங்கள்.

கிளப்பும் கரியடுப்பும்

கிளப்புக்குள் போனால் எல்லோரும் உங்களையே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். அந்த உணர்வில் பாதி கூச்சம், பாதி சரித்திரம். இந்த ஊரின் ராயல் நேட்டால் யாட் கிளப் தொடங்கியது 1858-இல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் 342 பேரோடு ட்ரூரோ கப்பல் இதே துறைமுகத்துக்கு வந்ததற்கு இரண்டு வருஷம் முந்தி. நிறவெறிச் சட்டக் காலத்தில் கடற்கரையைக்கூட நிறம் பார்த்துப் பிரித்துவைத்திருந்தார்கள். உங்கள் கணவரின் அப்பா இளைஞராக இருந்தபோது, இப்போது நீங்கள் கட்டியிருக்கும் இடத்தில் படகு கட்ட நினைத்தே பார்த்திருக்க முடியாது. ஆனால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: கூலி ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள் இதே வளைகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடியிருந்து கரைவலை இழுத்தவர்கள். தோணித் துறைக் கணக்கர் மகளுக்கு இந்தத் தண்ணீரில் உரிமையில்லை என்றால் வேறு யாருக்கு?

சரி, வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது? குடிக்காமல் இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை. கையில் ஒரு கிளாஸ் இஞ்சிச் சாறு இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. பிரச்சினை, வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதுதான். இங்கே பெரும்பாலும் கிளப் தணல் மூட்டித் தரும், அவரவர் சாமான் அவரவர் கொண்டுவர வேண்டும். மிளகாய்த்தூள் உப்பு எலுமிச்சை தடவிய சோளக்கதிர் பத்து எடுத்துக்கொண்டு போய் அடுப்போரம் நில்லுங்கள். மற்றவர்களின் இறைச்சியோடு ஒட்டாமல் இருக்க ஒரு தனிக் கம்பித் தட்டு. பத்தையும் நீங்களே சாப்பிட முடியாது அல்லவா? மீதி ஒன்பதும் பேச்சு.

அப்புறம், நீங்கள் கணக்காளர். எந்தச் சங்கமானாலும் பொருளாளர் பதவிக்கு மட்டும் போட்டி இருந்து நான் பார்த்ததில்லை. கடல் மீட்பு நிறுவனமான என்எஸ்ஆர்ஐ 1967-லிருந்து தன்னார்வலர்களைக் கொண்டே நடக்கிறது. டர்பனிலும் அதற்கு நிலையம் உண்டு. கடலில் இறங்குபவர்கள் மட்டுமல்ல, கரையில் வேலை பார்ப்பவர்களும் அவர்களுக்குத் தேவை. வார நடுவில் மாலைப் பந்தயம் நடக்கும்போது, ஆள் குறையும் படகில் ஏறிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கணவர் இல்லாத படகாகப் பார்த்து ஏறுங்கள். இது முக்கியம். இப்போது நீங்கள் எல்லோருக்கும் ‘அவருடைய மனைவி’ மட்டும்தான்.

மாமியாரும் “வீடு இல்லாதவங்க”ளும்

மாமியார் சொன்னதை நீங்கள் ஏளனமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது பயமாகக் கேட்கிறது. அவருடைய குடும்பம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் மரமும் தகரமுமாகக் கட்டிய வீட்டில் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் வருஷத்துக் குழுப் பகுதிச் சட்டத்தால் அங்கிருந்து கிளப்பிவிடப்பட்டு, அறுபதுகளில் சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் இறக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. கப்பலில் வந்து, கூலிகளுக்கான பாரக்கில் கிடந்து, கட்டிய வீட்டைப் பறிகொடுத்து, கடைசியில் ஒரு செங்கல் சுவர் கிடைத்தவர்களின் வாரிசு அவர். அவருடைய பிள்ளை, தானாகவே வீட்டை விட்டுவிட்டுத் தண்ணீரில் போய்ப் படுக்கிறான். ‘சுதந்திரம்’ என்று நீங்கள் சொல்வது அவர் காதில் வேறு மாதிரி விழும். அவரோடு வாதாட வேண்டாம். அந்தப் பழைய வீட்டைப் பற்றிக் கேளுங்கள்.

அவர் படகுக்கு வராததற்கு மனசு மட்டும் காரணமில்லை, முழங்காலும்தான் என்று நினைக்கிறேன். மிதக்கும் நடைமேடைக்கு இறங்குகிற பாலம், நீர் வற்றும்போது ஏணி மாதிரிச் செங்குத்தாகிவிடும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் ஏறி இறங்குவது இரண்டு மீட்டர் வரை போகும். ஆனால் அதே நாட்களில் டர்பனில் பிற்பகல் நாலு மணியை ஒட்டி நீர் முழுதாக ஏறி நிற்கும். பாலம் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். ஒரு பௌர்ணமி அன்று, காற்றில்லாத நாளாகப் பார்த்து, நாலு மணிக்கு அழைத்து வாருங்கள். டீயும் முறுக்கும் போதும். படகை ஓட்டிக் காட்ட ஆசைப்படாதீர்கள்.

கோயில் ஆன்ட்டி கேட்டது இந்த ஊர் விசாரிப்பு. “சாப்பிட்டியா” என்பதற்கு எவ்வளவு அர்த்தமோ அவ்வளவுதான் அதற்கும். “வீடு மிதக்குது, ஆன்ட்டி, ஒரு நாள் வாங்க” என்றால் முடிந்தது. அந்த ஒரு கேள்விக்காக, வாரம் ஒரு முறை நாலு தமிழ் முகம் பார்க்கும் இடத்தையே விட்டுவிட்டீர்கள். திரும்பப் போங்கள். முடிந்தால் ஒருபடி மேலே போய், அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். எழுத்தறிந்து பேசத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் விடவே மாட்டார்கள்.

விற்பதா, போவதா, இருப்பதா

உடனே விற்றுவிட்டுக் கரைக்கு வந்தால் இரைச்சல் குறையும், குளியலறை பெரிதாகும். தனிமை குறையுமா? நீங்கள் ஃபிளாட்டில் இருந்த மூன்று வருஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அதை மருந்தாக நான் எழுதித் தர மாட்டேன். அவசரத்தில் விற்றால் படகு பாதி விலைக்குப் போகும். அந்தக் கோபமும் வீட்டுக்குள் வரும்.

இந்த மனநிலையோடு ஜனவரியில் கிளம்புவதையும் நான் விரும்பவில்லை. இரண்டே பேர் மாற்றி மாற்றிக் காவல் இருந்து ஓட்டுகிற பயணத்தில், ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குவார். ஒரே படகில் இருந்துகொண்டு நாள்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து பேச முடியாமல் போகும். இப்போதே இரவில் அழுகிறவருக்கு அது தாங்காது. “நான் தயாரில்லை” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு முழுதாக இருக்கிறது. படகில் உங்கள் சேமிப்பும் பாதி. பயணத்தில் உங்கள் உயிரும் பாதி.

நான் சொல்வது மூன்றாவது வழி: ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். அக்டோபரில் அடுத்த கூட்டம் வந்து சேரும்போது, நீங்கள் வந்தவர்களை எதிர்பார்த்து நிற்பவராக இல்லாமல், இந்த இடத்து ஆளாக இருங்கள். எந்தக் கடையில் மசாலா, எந்த டாக்ஸி நம்பகமானது, இருட்டிய பிறகு கரையோர எஸ்பிளனேட் சாலையில் ஏன் நடக்கக்கூடாது என்று சொல்லித் தருகிற ஆள். அப்படிப் பழகுகிறவர்களை வழியனுப்பவும் மனசு கொஞ்சம் தயாராக இருக்கும். கூட்டத்தோடு சேர்ந்து கிளம்புவதானால் வரும் ஜனவரி வேண்டாம், அதற்கு அடுத்த ஜனவரி. கணவர் இதற்கு ஒப்பாவிட்டால், கேப் டவுன் வரை அவர் வேறொரு துணையோடு ஓட்டட்டும், நீங்கள் விமானத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். எத்தனையோ தம்பதிகள் இப்படிச் செய்கிறார்கள். யாரும் கேலி செய்வதில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாக தினமும் இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், வேலையில் மனம் நிற்காவிட்டால், அது வெறும் தனிமை இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். குடும்ப டாக்டரிடம் போய் நேராகச் சொல்லுங்கள். வாழ்ந்து என்ன என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றே யாரிடமாவது பேச வேண்டும். சாடாக் என்ற மனச்சோர்வு, பதற்ற உதவி அமைப்பின் இலவசத் தொலைபேசிக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அப்புறம், இரவில் அழுகை வந்தால் படகுக்குள்ளேயே அழுங்கள். இருட்டில் தனியாக மேல்தளத்தில் போய் உட்கார வேண்டாம். மரீனாவில் கட்டியிருக்கும் படகிலிருந்தும் கால் தவறி விழலாம். காற்றுச் சத்தத்தில் அழுகை கேட்காது என்றால், கூப்பிட்டாலும் கேட்காது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். அந்த நாலு எலுமிச்சம்பழத்தை என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஊறுகாய் போட்டிருந்தால், டப்பாவை நிரப்பி இரண்டு படகு தள்ளிக் கொடுத்துவிட்டு வாருங்கள். காரம் கொஞ்சம் குறைவாக.